வேப்பிலை கட்டிய ஆறு

என் பிரியமான ஃப்ளோரா அக்கா,

நீங்கள் இல்லாத முதல் பொங்கல் இது. நலமா என்று எழுதக் கை வருகிறது, எழுதினால் பதிலை யாரிடம் வாங்குவது? எங்கள் நலத்தைச் சொல்கிறேன். செல்வி பத்தாவது படிக்கிறாள். இவருக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது, மண்ணூர்பேட்டையிலிருந்து ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. நம் நூம்பல் பக்கம் கூவத்தில் இடுப்பளவு தண்ணீர் ஓடுகிறது.

ஆனால் சோதிக்க வைத்த ஆற்றுத் தண்ணீர் இன்று காலையில் பாட்டிலில் கருத்துவிட்டது அக்கா. நாளை மறுநாள் காணும் பொங்கல். தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றில் குதிக்கக் காத்திருக்கின்றன. நான் போய் வேப்பிலை கட்டியாக வேண்டும். பண்டிகை நாளில், அதுவும் நீங்கள் பக்கத்தில் இல்லாமல், இதை நான் செய்ததே இல்லை. அதனால்தான் கயிற்றை எடுக்கும் முன்பே பேனாவை எடுத்துவிட்டேன்.

செல்விக்கு டைபாய்டு வந்த அந்தக் கார்த்திகை மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். அப்போது உங்களை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிற, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் புடவை கட்டிக் கோயிலுக்குப் போகிற அம்மா, அவ்வளவுதான். ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கே குளிச்சா?" என்று கேட்டீர்கள். ஆற்றில் என்றேன். "இந்தத் தெருவுல வேற யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயித்தாலப் போகுது?" என்று கேட்டீர்கள். நான் சொல்லச் சொல்ல உங்கள் முகம் மாறியது. காய்ச்சல் கண்ட பிள்ளைகள் எல்லாம் ஆற்றில் விளையாடுகிற பிள்ளைகள்.

எனக்குக் கோபம் வந்தது, தெரியுமா? தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, அதைப் போய்க் குறை சொல்கிறார்களே என்று. வெள்ளிக்கிழமை தவறாமல் அந்த ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறவள் நான். நீங்கள் என்னோடு வாதாடவில்லை. மறுநாள் இரண்டு சின்ன பாட்டிலோடு வந்தீர்கள். உள்ளே மருந்தில் தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டு. ஒன்றில் பிள்ளைகள் குளிக்கிற துறைத் தண்ணீர், இன்னொன்றில் வாய்க்கால் வந்து சேருகிற இடத்துக்கு மேலே எடுத்த தண்ணீர். "வெதுவெதுப்பா வைக்கணும் சரோ. பகல்ல என் வீட்ல அடுப்பு எரியாது. உன் அடுப்புப் பக்கத்துல வச்சுக்கறியா? திறக்க மட்டும் கூடாது."

வைத்துக்கொண்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்த இவர் அடுப்பு மாடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சரோ, டிகாஷனைப் பாட்டில்ல ஊத்தி வச்சிக்கீறே? எனக்கு ஒரு கிளாஸ் போடேன்" என்றார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். துறைத் தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. வாய்க்காலுக்கு மேலே எடுத்தது அப்படியே தெளிவாக இருந்தது.

மலக் கழிவு கலந்த தண்ணீர்தான் இப்படிக் கருக்கும் என்று சொன்னீர்கள். வாய்க்கால் பக்கம் விடிகாலையில் ஒரு லாரி வந்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். புது அடுக்கு வீடுகளின் செப்டிக் டேங்கை இறைத்து வந்து அங்கே திறந்துவிடுகிற லாரி. பார்த்தும் யாரும் ஆற்றோடு அதைச் சேர்த்து யோசிக்கவில்லை. தண்ணீர்தான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறதே என்ற நினைப்பு.

பிள்ளைகளை நீங்கள் எவ்வளவோ தடுத்தீர்கள். கேட்டால்தானே? கடற்கரைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். பார்க் என்று ஒன்று நம் பக்கம் கிடையாது. அவர்களுக்கு இருக்கிற ஒரே விளையாட்டு இடம் அந்த ஆறு. கடைசியில் ஒரு வியாழக்கிழமை, அபாயம் என்று தெரியட்டும் என்று, துறையோரப் பூவரச மரத்தில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வந்தீர்கள்.

சிரிக்காதீர்கள் அக்கா, இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை காலையில் மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாகிவிட்டது. சாயங்காலம் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வந்துவிட்டன. எதிர்வீட்டுக் கன்னியம்மா என் வாசலில் நின்று, "இன்னா சரோ, ஆத்தா வந்து குந்திகினு கீறா, நீ கண்டுக்காம ஊட்டுல கீறே? ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்து கும்புடு" என்றாள். கைக்குழந்தைகளைக்கூடக் கொண்டுவந்து முக்கி எடுத்தார்கள். அதுவரை குளிக்காதவர்களும் குளித்தார்கள்.

நீங்கள் என் சமையலறைத் தரையில் வந்து உட்கார்ந்தீர்கள். "சரோ, இறங்காதேன்னு சொல்லத்தான் கட்டினேன். நானே எல்லாரையும் இறக்கிவிட்டுட்டேன்" என்றீர்கள். துணியை அவிழ்த்தால் அடிதடி நடக்கும். அதிலும் நீங்கள் வேறு கோயிலுக்குப் போகிறவர். அன்று உங்கள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் என் புத்தி வேலை செய்தது.

அம்மை கண்ட வீட்டுக்கு நாங்கள் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை செருகுவோம். அதைப் பார்த்தால் வேற்று மனுஷர் உள்ளே நுழைய மாட்டார்கள். யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கும் கட்டினால் என்ன?

ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அம்மன் பேரைச் சொல்லிப் பொய் சொல்கிறேனோ என்று. உங்களிடமே கேட்டேன். நீங்கள், "ஆத்துக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லப் போறே. அது பொய்யில்லையே சரோ" என்றீர்கள். என் சாமியை நீங்கள் கும்பிடவில்லை, ஆனால் ஒரு நாளும் சிறுமைப்படுத்தவில்லை. உங்கள் சபையில் யாராவது உங்களை இதற்காகக் கேட்டார்களா? கேட்டிருந்தாலும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

இரண்டு பேருமாகத் துறைக்குக் குறுக்கே கயிறு இழுத்து வேப்பிலைத் தோரணம் கட்டினோம். கன்னியம்மா பார்த்தவுடன் நின்றுவிட்டாள். "ஆத்தாளுக்கா? ஆத்தாளுக்கே அம்மையா?" என்றாள். அவளைக் கூட்டிவந்து இரண்டு பாட்டிலையும் காட்டினேன். நீங்கள் லாரியைப் பற்றிச் சொன்னீர்கள். அவள் விறுவிறுவென்று எழுந்து போனாள்.

மறுநாள் விடிகாலையில் லாரிக்கு முன்னால் நின்றவள் அவள்தான். பின்னால் தெருவே நின்றது. டிரைவர் இறங்கி, "ஓனர் இங்க ஊத்தச் சொன்னாரு, ஊத்தறேன். நான் இன்னா பண்றது?" என்றான். "அம்ம கண்ட ஊட்டு வாசல்ல இத்த கொட்டுவியா நைனா? உங்கம்மா படுத்துகினு இருந்தா கொட்டுவியா?" என்றாள் கன்னியம்மா. கூட்டத்தில் யாரோ, "வண்டி முன்னாடி வேப்பிலை வேற சொருவிகினு வந்துக்கீறான் பாரு" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனுக்குத் தலை நிமிரவில்லை. நீங்கள் மட்டும் சிரிக்காமல் அவன் பக்கத்தில் போய், கழிவுநீரைச் சுத்தம் செய்கிற இடம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று சொன்னீர்கள். அதை முன்னமே போய் விசாரித்து வைத்திருந்தீர்கள். அவன் வண்டியைத் திருப்பினான். பஞ்சாயத்தில் மனு கொடுத்து, ஓனரை ஒத்துக்கொள்ள வைத்ததெல்லாம் அதற்குப் பிறகு நீங்கள் அலைந்த அலைச்சல்.

மாசியில் துறைத் தண்ணீர் கருக்காமல் நின்றது. ஒரு தடவை போதாது, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றீர்கள். அதுவும் நின்றது. அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கமாயிற்றே, ஆற்றுக்கு யார் ஊற்றுவது என்று பெண்கள் என்னைக் கேட்டார்கள். ஆளுக்கொரு குடம் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து துறையில் ஊற்றினோம். நீங்களும் ஒரு குடம் ஊற்றினீர்கள். அப்புறம்தான் பிள்ளைகளை விட்டோம். செல்வி முதலில் குதித்தாள். நீச்சல் தெரியாத நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றீர்களே, அந்தச் சந்தோஷத்தை நான் எதனோடு ஒப்பிட?

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பாட்டில் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறோம். லேபில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் பெண் காகிதத் துண்டுகளை மறக்காமல் கொடுத்தனுப்புகிறாள். இந்தத் தடவை அக்கரையில் எழும்பியிருக்கிற புது வீடுகளிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். மேலே போய்த் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும். பொங்கல் முடிந்ததும் பஞ்சாயத்துக்குப் போக வேண்டும்.

இவ்வளவு எழுதி நிறுத்திவிட்டு எழுந்து போனேன் அக்கா. கன்னியம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் மகள் பூந்தமல்லியிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கிறாள். "நல்ல நாள் பாத்து வந்தியே நீ. பசங்க ராத்திரிலேர்ந்து டிராயர மாட்டிகினு கீதுங்க. ஒரு நாள் உட்டா இன்னா ஆயிடும்?" என்று கத்தினாள். அக்கா இருந்தால் விடமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சரியாகப் படவில்லை. "நான் விடமாட்டேன் கன்னியம்மா" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தனியாகத் துறைக்கு வந்து பூவரசில் ஒரு முனையைக் கட்டினேன். அடுத்த முனையைக் கட்டக் கை எட்டவில்லை. பின்னால் சத்தம் கேட்டது. பேரப்பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு வேப்பங்கொத்து, முன்னால் அவள். "குடு இங்க. குள்ளச்சி நீ, இதுல வீறாப்பு வேற" என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

பிள்ளைகள் மணலில் கோடு கிழித்துக் கபடி ஆடுகின்றன. வாடிய முகங்கள்தான். ஆனால் காய்ச்சல் இல்லாத முகங்கள். எனக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனீர்களே அக்கா, உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

இந்த ஆற்றில் ஒரு பிள்ளை இறங்குகிற காலம் வரை, அது இறங்கும் முன் தண்ணீரைப் பார்ப்பேன். பாட்டில் கருத்தால், பண்டிகையானாலும், யார் முகம் சுளித்தாலும், துறையை அடைப்பேன். தெளிந்தால் முதல் குடத்தை உங்கள் பேரில் ஊற்றுவேன்.

உங்களோடு பிறக்காமலே உங்களுக்குத் தங்கையான,
சரோஜா