அக்கா பறித்த திருக்கை வால்

அன்பு மருமகள் கிருசாந்தினிக்கு,

கிழக்குக் கடல் முழுவதையும் ஒற்றைச் சாரத்தோடு கட்டியாளும் உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நான் உயிரோடும் பசியோடும் இருக்கிறேன். உன் அம்மா உயிரோடு மட்டும் இருக்கிறா. கனடாக் குளிரில் உன்னைக் கோணேசர் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொன்னால் இடையில் வெட்டிவிடுவாய் என்றுதான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நீ கேள்விப்பட்டது அரைகுறைக் கதை. படகு முதலாளி, சம்மாட்டி சிவகுருநாதன் தன் படகு ஆட்களை வெருட்டவென்று லொறியில் காய்ந்த திருக்கை மீன் வால் ஒன்றைச் சவுக்கு மாதிரித் தொங்கவிட்டிருந்தான் அல்லவா? போன வெள்ளிக்கிழமை அவனிடம் வேலை செய்யும் கிண்ணியா அலியார், மீனுக்குக் கடலில டைனமைட் எறிய என்னால ஏலாது, என்ர தம்பியின்ர கை அதிலதானே போனது என்று சொல்லிப்போட்டார். அவ்வளவுதான். மீன் வாடிக்கு முன்னால், சனம் பார்க்க, அந்த வாலால் அவரை வெளுத்தான். பட்ட இடமெல்லாம் சதை பிய்ந்து சேர்ட்டோடு ஒட்டிக்கொண்டது. நான் குறுக்கே பாய்ந்தேன்; அவனுடைய ஆள் விட்ட குத்தில் என் முன்பல் பறந்து சீனன்குடா விமானத்தளத்தில் விழுந்தது, விமானப்படை இன்னும் தேடுகிறதாம். மற்றச் சனம் கைகட்டி நின்றது.

அப்போதுதான் அறுக்குளா மீன் வெட்டிக்கொண்டிருந்த உன் அம்மா எழும்பினா. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழும்பினா, அதைக் கவனி. நேரே போய் வாலைப் பறித்து அவன் முதுகில், தோளில், மறித்த கையில், முகத்தில் என்று மாறி மாறி இறக்கினா. மூக்கு உடைந்து இரத்தம் ஐஸ் பெட்டி வரை தெறித்தது. ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளுக்குப் பிறகு இந்தத் துறைமுகம் இப்படியொரு சத்தம் கேட்டதில்லை. தம்பலகாமத்து யானைகள் கண்டி வரை ஓடினதாகக் கேள்வி. ஒவ்வொரு அடிக்கும் ஒரே கேள்விதான், நோகுதோ, இப்ப நோகுதோ என்று. அவன் நிலத்தில் விழுந்து, நோகுது அக்கா என்று கத்தினான். அதோடு நிறுத்திவிட்டா. வாலைக் கடலில் எறிந்துவிட்டு அலியாரைத் தூக்கப் போனா.

சம்மாட்டியிடம் மன்னிப்புக் கேட்டால் விடுகிறோம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை கோட்டில் வழக்கு என்கிறது பொலிஸ். முதல் அவன் அலியாரிட்டக் கேக்கட்டும், பிறகு பாப்பம் என்று சொல்லிப்போட்டுச் சிங்கம் மாதிரி வந்தா. பிறகுதான் நீ போன் எடுத்தாய். ரௌடி மாதிரிச் செய்துபோட்டீங்கள் அம்மா, வெக்கமாக் கிடக்கு, மன்னிப்புக் கேளுங்கோ என்றாய். அன்றிலிருந்து சிங்கம் குசினிக் கதிரையில் சோறில்லாமல் குந்தியிருக்கிறது. சம்மாட்டியும் பொலிசும் வளைக்க ஏலாததை நீ ஒரு போனில் வளைத்துப்போட்டாய். நேற்று என்னிடம், பிள்ளைக்காகக் கேட்டு முடிப்பமோ தம்பி என்கிறா.

பிள்ளை, அலியாரின் முதுகு இன்னும் ஆறவில்லை. வரவேண்டிய கோபம் அத்தனை பேரில் ஒருத்திக்குத்தான் ஒழுங்காக வந்தது. அதற்கும் அவ மன்னிப்புக் கேட்டால், சம்மாட்டி அன்றைக்கே அடுத்த திருக்கைக்கு ஆள் அனுப்புவான்.

கோணேசர் உனக்கு நீண்ட ஆயுளும் உன் அம்மாவின் கையும் தரட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. திங்கள் காலமை அவ சீலை மாற்றிக் கோட்டுக்கு வெளிக்கிட முதல் போன் எடு. பெரிதாக ஒன்றும் சொல்லவேண்டாம். கை நோகுதோ அம்மா என்று மட்டும் கேள்.

ஒரு பல் குறைந்த உன் மாமா,
தர்மசீலன்
அன்புவழிபுரம், திருக்கோணமலை