கடலுக்குள் யார் கையைப் பிடிப்பது

"ரப்பரைக் கடித்துக்கொள்" என்றாள் அந்தப் பெண். கடித்தேன். நாக்கில் அந்த வாசம் ஏறியதுமே உன் நினைப்பு வந்துவிட்டதடி. சிரிக்காதே. பாதி ஆயுளை ரப்பர் பால்மரத்தடியில் தீர்த்தவள் நான். அறுபது வயதில், உலகத்தின் மறுகோடிக்கு வந்தும் என் வாயில் ரப்பரைத்தான் வைத்தார்கள்!

நான் இப்போது இருப்பது பார்படோஸில். கரீபியன் கடலில் ஒரு தீவு. லண்டனில் நர்ஸாக இருக்கும் என் மகள், "உங்களுக்கு ஒரு மாத்தம் வேணும்மா" என்று விடாப்பிடியாக டிக்கெட் எடுத்துவிட்டாள். அவள் சொன்னதும் நியாயந்தான். நீ கண்ணை மூடிய பிறகு நான் எங்கேயும் போகவில்லை. ஊரில், அம்பாங்கான் வீட்டின் கேட்டைத் தாண்டுவது குப்பை போட மட்டும். காய்கறி வாங்கப் பாசாரோ கோயிலோ கல்யாணமோ, எதற்கும் உன்னோடு போயே பழகிய கால் இது. எதிர்வீட்டுக்காரி "வாங்கக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்லா" என்று கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிநேகிதி என்று உன் இடத்தில் வந்து நிற்க இவள் யார்?

இங்கேயும் அதே வீம்புதான். கடலைப் பார்க்க மூன்று வழி சொன்னார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் உட்கார்ந்தபடியே மீன் பார்க்கலாம். முகமூடி மாட்டிக்கொண்டு கரையோரமாகத் தானே மிதக்கலாம். இல்லாவிட்டால் முதுகில் காற்றுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, வழிகாட்டும் பெண்ணோடு அடியில் இறங்கலாம். புதிதாக இறங்குகிறவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். மகள் படகைக் காட்டினாள். நானோ தனியாக மிதக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முன்பின் தெரியாதவள் கையைப் பிடித்துக்கொண்டு போக எனக்கென்ன தலையெழுத்தா? அப்போதுதான் உன் அதட்டல் கேட்டது. "தனியாப் போறது தைரியம் இல்லடி, திமிரு."

அதை நீ முதலில் சொன்னது வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில், மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். நாம் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, காலையில் கேட்டில் நம்மைத் தடவிப் பார்த்து வெளியே விட்ட காலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்டவர்களுக்குச் சோறு போய்விடுமாம். ஒரு பிடி சோறு எடுத்துப்போக விடமாட்டார்கள். வெறும் வயிற்றோடு பாலுக்கு மரம் வெட்டினோம். உன் மர நிரைக்கும் என் நிரைக்கும் நடுவே ஒரு மேடு. ஆளுக்கு ஆள் தெரியாது. அதனால் நீயே ஒரு ஏற்பாடு செய்தாய். நாலைந்து மரத்துக்கு ஒருமுறை நீ கத்திப்பிடியால் வாளியைத் தட்டுவாய். நான் பதிலுக்குத் தட்ட வேண்டும்.

"என்னா, ரெண்டு பேரும் மேளம் அடிக்கிறீங்களா?" என்று கேலி செய்தார் நம்மை மேய்க்கிற நரைத்த மீசை மண்டோர்.

"ஆமாங்கய்யா, ஒங்க ரெண்டாவது கல்யாணத்துக்கு இப்பவே பழகுறோம்லா" என்றாய். மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டே அடுத்த நிரைக்கு நடையைக் கட்டினார்.

ஒரு முற்பகல், மேட்டுக்கு அந்தண்டை படபடவென்று வெடி கேட்டது. யார் யாரைச் சுட்டார்களோ, இன்றுவரை தெரியாது. எல்லாரும் லயத்தைப் பார்த்து ஓடினார்கள். நான் பக்கத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, சேற்றில் முகத்தைப் பதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மூச்சுவிட்டால் யாருக்காவது கேட்டுவிடும் என்று பயம். கண் இருண்டுகொண்டு வந்தது. நீ வாளியைத் தட்டிப் பார்த்திருக்கிறாய். பதில் இல்லை என்றதும், ஓடுகிற கூட்டத்துக்கு எதிராக, முழங்கையை ஊன்றி மேடேறி ஊர்ந்து வந்து, என் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டாய்.

"மூச்ச விடுடி கழுத! நீ செத்தா என் கூட யாரு வருவா?"

பிடித்த கையை லயம் வரைக்கும் நீ விடவில்லை. கேட்டில் சோதனை போடுகிறவள் விடச் சொன்னபோதும், "ரெண்டு பேரையும் சேத்தே தடவிப் பாரும்மா" என்றாய். என்னால் நீ சாக வேண்டாம், தூரத்தில் வேறு நிரை கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று மறுநாள் நான் அழுதேன். அதற்குத்தான் அந்த வார்த்தை சொன்னாய். தைரியம் இல்லையாம், திமிராம்.

ஆகவே மகளிடம், "நான் அடியில இறங்கப் போறேன். அந்தப் பொண்ணு கையப் பிடிச்சிக்கிட்டு" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

வழிகாட்டி நல்ல கறுப்பு, நல்ல உயரம். அவள் வீட்டு முன்னோர்கள் கரும்புத் தோட்டத்து ஆட்களாம். என் ஓட்டை இங்கிலீஷில் ரப்பர் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்போ நாம் ஒரே ஜாதி" என்கிற மாதிரி தோளில் தட்டினாள். மூச்சுக்குழாயின் ரப்பர் முனையை வாயில் கொடுத்து, இடுப்பளவு தண்ணீரில் நிறுத்திப் பழக்கினாள். கட்டைவிரலை மேலே காட்டினால் ஏறலாம், கீழே காட்டினால் இறங்கலாம். முக்கியமாக, மூச்சை அடக்கவே கூடாது.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். தலைக்குமேல் தண்ணீர் மூடியதுதான் தாமதம், நான் செய்தது என்ன தெரியுமா? மூச்சை அடக்கினேன். பழைய உடம்பு, பழைய புத்தி. அவள் என் கையை அழுத்தி, தன் நெஞ்சைத் தொட்டு, விடு விடு என்று காட்டினாள். பிறகு கட்டைவிரலை உயர்த்தினாள். ஏறிவிடலாமா என்று கேட்கிறாள்.

அந்த நேரத்தில் உன்மேல் வந்த கோபம் இருக்கிறதே! என் கூட யாரு வருவா என்று என்னைக் கேட்டவள், நீ மட்டும் தனியாகப் போனது என்ன நியாயம்? முகமூடிக்குள் அழுதேன். அழுதால் மூச்சு தானாக வந்துவிடும்போல. குபுகுபுவென்று குமிழி கிளம்பியது. அவள் இன்னும் கையை விடாமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கட்டைவிரலைக் கீழே காட்டினேன்.

அடியில், கிளிமூக்கு மாதிரி வாயுள்ள பச்சை மீன்கள் பாறையைக் கடித்துக்கொண்டிருந்தன. முறுக்குக் கடிக்கிற சத்தம். காது கொடுத்துக் கேட்டேனடி.

ஊருக்குத் திரும்பியதும் எதிர்வீட்டுக்காரி கூப்பிடுவாள். இந்தத் தடவை சரி என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன். பாசாருக்கும் போவேன். உன் இடம் உன்னுடையது, அதில் யாரையும் வைக்க மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் போவேன்.