மெதுவா இறங்குன கலப்பை

ராகலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மக நிலக்ஷிக்கு அப்பா எழுதுறது. நானும் அம்மாவும் நல்ல சுகம், மூணு நாளா பனி வாசலத் தாண்டி வீட்டுக்குள்ளயே வந்து ஒக்காந்திருக்கு, அந்த ஜோர்தான் வெயில்ல நீயும் சுகமா இருக்கணும்னு மாரியம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் பேனாவ எடுத்தேன். ஒங்கூட தையல் பெக்டரியில வேல செய்ற ஜெயந்தினி லீவு முடிஞ்சு வெள்ளிக்கிழம திரும்புதாம், அதுகிட்ட குடுத்து விடுறேன். போன்ல பேசுனா பாதியில கட்டாயிடுது, இது நிதானமா சொல்ல வேண்டிய விசயம்.

நம்ம பழைய டிரக்டருக்கு ஒரு மாசமா ஹைட்ரோலிக் சரியில்ல. காலையில கலப்பைய நல்லாத் தூக்கும், கொஞ்ச நேரம் உழுது எண்ணெ சூடானதும் முனக ஆரம்பிக்கும், நடுங்கி நடுங்கித் தூக்கும், தூக்குனாலும் நிக்காது. கெழங்கு போடுற நேரம்னு நானும் அப்பிடியே ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு நா சுதாகரன் காணிய உழுதுக்கிட்டிருந்தப்ப கலப்பையில வேர் சிக்கிருச்சு, தூக்கி வச்சிட்டு அடியில குனிஞ்சு இழுத்தேன். சுத்தி ஒரே வெள்ளப் பனி, டிரக்டரோட முன் சில்லு கூடத் தெரியல. கலப்ப இறங்குறது தெரிஞ்சிச்சு மகளே, ஒக்காந்தபடியே தூங்குற ஆளுக்குத் தல சாயுமே, அவ்வளவு மெதுவா இறங்குச்சு, நானும் கனவு மாதிரி பாத்துக்கிட்டே நின்னேன், கால எடுக்கணும்னே தோணல. பூட்ஸ் மண்ணுக்குள்ள போனப்பதான் கத்துனேன். சுதாகரன் ஓடி வந்து அலவாங்கு போட்டு நெம்பி எடுத்தாரு. எலும்புக்கு ஒண்ணுமில்ல, பெருவெரல் நகம் கருத்துப்போச்சு. அம்மாகிட்ட கல்லு விழுந்திருச்சுன்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல தண்ணி புடிக்கிற பீலிக்கரையில சுதாகரன் பொஞ்சாதி உள்ளதச் சொல்லிருச்சு. அன்னைக்கு நின்னதுதான் அம்மா பேச்சு, ஒம்பது நாள். சோறு போடுவா, காலுக்குச் சுடுதண்ணி வப்பா, வாய் மட்டும் தொறக்க மாட்டா.

நானும் டிரக்டரோடயே கெடந்தேன். எண்ணெயத் தொறந்து பாத்தா பால் டீ மாதிரி நொர. தண்ணி கலந்திருக்கும்னு எல்லாத்தையும் எறக்கிப் புது எண்ணெ ஊத்துனேன், மறுநா திரும்பவும் நொர. வடிகட்டியக் கழுவிப் போட்டேன், அதே முனகல். டிரக்டர் சாமான் கடை ஹுசைன் நானா பம்பு முடிஞ்சிருக்கும்னாரு. எனக்கு மனசு ஒப்பல. எண்ணெ வெளிய ஒரு சொட்டும் ஒழுகல, ஆனா எங்கேயோ காத்த உறிஞ்சுது, அதான் நொரன்னு தோணுச்சு. போன ஞாயிறு பம்புக்குப் போற குழாயக் கழட்டி, அது பூட்டுற எடத்துல இருந்த ரப்பர் வளையத்தத் தொடச்சி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. குடிக்கச் சாயத்தண்ணி கொண்டாந்த அம்மா அத வாங்கி, கண்ண மூடிக்கிட்டு வெரலு நுனியில மெதுவாச் சுத்துனா. முப்பது வருசம் தேயிலக் கொழுந்து எடுத்த வெரலு. ஒரு எடத்துல நிறுத்தி, இங்க பிஞ்சிருக்குன்னா. ஒம்பது நாளைக்கு அப்புறம் அதான் மொத வார்த்த. நகத்தால வளச்சேன், மயிரெழ கணக்கா வெடிப்பு.

ஹுசைன் நானாகிட்ட புது வளையம் வாங்கிப் போட்டு ஸ்டார்ட் பண்ணுனேன். முனகல் இல்ல. கலப்பையத் தூக்கி வச்சிட்டு ரெண்டு பேரும் தள்ளி ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தோம், பனி வந்து மூடும், வெலகும், கலப்ப நின்ன எடத்துலயே நின்னுச்சு, ஆகாசத்துல தொங்குற மாதிரி. அப்பதான் அம்மா கேட்டா, கால் போறது ஒரு பக்கம், என்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு. நீ பயந்துருவன்னுதான்னு சொன்னேன். நீங்க மறைச்சதுலதான் நான் பயந்தேன்னா.

மகளே, போன மூணு தடவ வீடியோவுல நீ எடது கையக் காட்டவே இல்ல. சாப்புடுறப்பவும் மடிக்குக் கீழதான் இருந்துச்சு. நான் கவனிக்கல, அம்மாதான் சொன்னா. ஊசி ஏறிருச்சோ என்னவோ, எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லு, நாங்க தாங்குவோம். கைய உள்ள விடுறதுக்கு முன்ன மெசின நிப்பாட்டு, யாரு அவசரப்படுத்துனாலும் சரி. வர்ற ஞாயித்துக்கிழம ரெண்டு கையையும் அம்மாவுக்குக் காட்டு. ஆத்தா ஒனக்குத் தொணையா இருப்பா, நல்லாச் சாப்புடு, நல்லாத் தூங்கு.

ஒன் கைய நெனச்சுக்கிட்டே இருக்குற
அப்பா வீரய்யா, அம்மா மீனம்மா