பந்தியில் உட்கார்ந்தவர்

12 செப்டம்பர் 1986, வெள்ளி. திருச்செங்கோடு.

சொந்தக்காரர் கல்யாணங்களைச் சும்மா வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான், தொழிலாக எடுத்த முதல் கல்யாணம் இது. கேசட்டை நாளை பெண்ணின் அப்பாவிடம் கொடுக்க வேண்டும். இன்று மதியம் அவருடைய அண்ணன் வந்தார். வரப்புத் தகராறில் ஆறு வருடமாகத் தம்பியோடு பேச்சில்லாதவர்.

"நான் பந்தியில உக்காந்தது வீடியோவுல உழுந்திருக்குதுங்களா?"

"உழுந்திருக்குதுங்க."

"அத மட்டும் அழிச்சுப்போடுங்க சாமி. தம்பி ஊட்ல கை நனைக்க மாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன்."

"ரெண்டு தரம் பாயசம் வாங்குனீங்களே."

"பசிச்சுதுங்க." சிரிக்கவில்லை. "தை மாசம் எம்பட பொண்ணு கல்யாணம். நீங்கதான் எடுக்கோணும்."

அவர் போன பிறகுதான் உறைத்தது. கல்யாணத்தன்று பெண்ணின் அப்பா என்னிடம், "பந்திய உட்ராதீங்க, ஒவ்வொரு மூஞ்சியும் தெரியோணும்" என்றார். தாலி கட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் சாப்பிட்டதற்குச் சாட்சி வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டாரா?

அழித்தால் தம்பி கண்டுபிடிப்பார். அழிக்காவிட்டால் தை மாதக் கல்யாணம் போகும். எப்படியானாலும் காட்டிக்கொடுப்பவன் என்ற பேர் வந்துவிடும். பிறகு இந்தப் பக்கம் யார் கூப்பிடுவார்கள்?

அழிப்பதற்காக அந்த இடத்தைப் போட்டேன். எடுக்கும்போது அண்ணன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பாயச வாளியோடு அவருடைய இலைமேல் குனிந்திருப்பது தம்பி. இருவர் உதடும் அசைகிறது. மேளச் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.