தம்பி தலை

3 ஜனவரி 2026, சனி
சமூகக் கல்லூரியில் ஆண்கள் முடிதிருத்தும் வகுப்பு, முதல் நாள். ஆளுக்கொரு ரப்பர் தலை கொடுத்தார்கள். ஓடு தொழிற்சாலையில் துணை மேலாளராக இருந்த காலம் முழுவதும் இப்படி ஒரு தலையோடு நான் வேலை செய்ததில்லை. குறுக்கே பேசவே இல்லை.

ஆசிரியை அமீரா என் மகளைவிடச் சின்னவள். "அங்கிள், ஏன் இந்தக் கோர்ஸ் எடுத்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். சுயதொழில் ஆர்வம் என்றேன்.

உண்மை இங்கே இருக்கட்டும்: புந்தோங் வட்டாரத்து இராமசாமி. தீபாவளிக்கு முன் அவர் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால், என் உச்சிக்கு மேலே கத்தரிக்கோல் வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்கிறீர் என்றேன். "மேல ஒண்ணும் இல்ல லா சார். சத்தமாச்சும் கேக்கட்டும்னுதான்." கடையே சிரித்தது. இனி என் முடியை நானே வெட்டிக்கொள்வேன், எதிரிலேயே கடையும் போடுகிறேன் பார் என்று சொல்லிவிட்டுப் பாதித் தலையோடு வெளியே வந்தேன். வேலை போனபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

5 ஜனவரி
எவ்வளவு கற்றாலும் என் பின்னந்தலையை நானே வெட்ட முடியாதாம். கலாதேவி இன்று காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள். நான் சேருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியுமாம். "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டீங்க. வீட்லயே இருந்திருப்பீங்க."
மனைவி!

10 ஜனவரி, சனி
பரீட்சை இருபத்து நான்காம் தேதி. ரப்பர் தலை செல்லாது. ஆளுக்கோர் உயிருள்ள தலையைக் கூட்டி வரவேண்டும். "முடி இருக்கணும் அங்கிள்" என்றாள் அமீரா, என் தலையைப் பார்த்தபடி. குறித்துவைத்துக்கொண்டேன்.

தலை வராவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் இராமசாமி சாகும்வரை சிரிப்பார்.

யாரைக் கேட்பது? ஈப்போவில் எனக்குத் தெரிந்த தலைகளெல்லாம் நான் பேசாத ஆட்களின் கழுத்தில்தான் இருக்கின்றன.

15 ஜனவரி
பக்கத்து வீட்டுக்காரர் பொங்கலும் அதுவுமாகத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். தலைமுடி நல்ல அடர்த்தி. வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

18 ஜனவரி, ஞாயிறு
என்னைக் கேட்காமல் கலாதேவி சுங்கை சிப்புட்டுக்குப் போன் போட்டுவிட்டாள். தனேஸ்வரனுக்கு! என் தம்பிக்கு! ஆறு வருடமாக நான் முகம் பார்க்காதவனுக்கு!

காரணம் சின்னதில்லை. அவன் மகள் கல்யாணத்தில், சொந்த அண்ணனை, பட்டதாரியை, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைத்தான். ஊரே கழுவிய தண்ணீர் என் பட்டுச் சட்டையில் தெறித்தது.

என்ன சொன்னான் என்று கேட்டேன். அதாவது, சும்மா கேட்டேன்.
"'வாரேன்'னாரு. அவ்வளவுதான்."

24 ஜனவரி, சனி
வந்தான். கல்லூரி வாசலில் லோரியை நிறுத்திக் காவலாளியிடம் திட்டு வாங்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மெல்லமா செய்ண்ணே. அப்பா முடி" என்றான். உண்மைதான். அப்பாவின் முடி அவனுக்குப் போனது, கோபம் எனக்கு வந்தது.

முதல் பாதி நன்றாகவே போனது. அமீரா தலையாட்டினாள். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவன் தலை என் கைக்குள். துணியைப் போர்த்திக் கட்டியிருக்கிறேன். எழுந்து ஓடவும் முடியாது. மிஷினைப் போட்டுக்கொண்டே கேட்டேன்:

"தொட்டிகிட்ட ஏன்டா உக்கார வச்சே?"
"இப்பவா கேக்கிறது?"
"இப்பத்தான் கேப்பேன்."
"எந்தக் கல்யாணத்துல நீ உக்காந்து நாலு பேர்கிட்ட பேசியிருக்கே? சாப்பிட்டதும் கையக் கழுவிட்டு ஓடிருவே. வழி கிட்டக்க இருக்கட்டும்னு நான் மெனக்கெட்டு மேசைய மாத்தினேன் லா!"

சொல்லிக்கொண்டே முழுதாக என் பக்கம் திரும்பினான். மிஷின் அவனோடு திரும்பவில்லை.

பிடரியிலிருந்து உச்சிவரை ஒரே பாதை. ரப்பர் தோட்டத்தில் நடு நிரைப் பால்மரங்களை மட்டும் சாய்த்த மாதிரி. "அலாமாக்! அங்கிள், ஸ்டாப்!" என்று அமீரா ஓடிவந்தாள்.

தனேஸ் கையை வைத்துத் தடவிப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நானும் இன்னொரு ஆறு வருடம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

"எல்லாத்தையும் எடுத்துரு. தைப்பூசம் வருதுல்ல? நேர்த்திக்கடன்னு சொல்லிக்கிறேன்."

மொட்டை மிக நன்றாக வந்தது. கீறல் இல்லை. மொட்டைக்கு மதிப்பெண் இல்லையாம்.

26 ஜனவரி
தனேஸ் போன் செய்தான். அவன் மனைவி மங்களம் நேர்த்தியை நம்பிவிட்டாள். பால்குடத்துக்குச் சொல்லியாகிவிட்டது. "வீட்ல மீன் இல்ல, கோழி இல்ல, முட்டைகூட இல்ல. எல்லாம் உன்னாலதான்." சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

1 பிப்ரவரி, தைப்பூசம்
அவன் பால்குடத்தோடு முன்னால். அவன் செருப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். படித்தவன் செய்கிற வேலையா இது?

"என்ன நேர்த்தின்னு எல்லாரும் கேக்கிறாங்கண்ணே."
"அண்ணன் பாஸாகணும்னு சொல்லு."
"ஃபெயிலாயிட்டியே."
"முருகனுக்கு இன்னும் டைம் இருக்கு."

குடம் குலுங்கியது. கொஞ்சம் பால் என் சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொண்டு நடந்தேன்.

15 பிப்ரவரி, ஞாயிறு
மறுபரீட்சை நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. அதற்குள் தனேஸ் முடி வளரவேண்டும். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பனங்கொட்டை மாதிரி இருக்கிறது. மங்களம் செம்பருத்தி எண்ணெய் தேய்க்கிறாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மீன் குழம்பு திரும்பிவிட்டது.

22 பிப்ரவரி, ஞாயிறு
போனேன். கறுப்பு கூடியிருக்கிறது.

8 மார்ச், ஞாயிறு
அப்பா யாருக்கு முதலில் சைக்கிள் வாங்கித் தந்தார் என்பதில் பேச்சு முற்றிவிட்டது. பொய்யன். இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

15 மார்ச், ஞாயிறு
போனேன். ஆள் மீதுதான் கோபம். தலை என்ன செய்தது? ஒரு விரல் அகலத்துக்கு வளர்ந்திருக்கலாம்.

29 மார்ச், ஞாயிறு
சீப்பைச் செருகிப் பார்த்தேன். நிற்கிறது. "இப்பவே வெட்டலாம் போலருக்கே" என்றான். அவசரப்படாதே என்றேன். சாயந்திரம்வரை இருந்தேன். கலாதேவியும் வந்திருந்தாள். சைக்கிள் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பிறகு நானே எடுத்தேன்.

2 ஏப்ரல்
அமீரா கூப்பிட்டாள். "அங்கிள், சனிக்கிழமை மறுபரீட்சை. தலை ரெடியா?"
"இல்லை டீச்சர். இன்னும் வளரவில்லை."
"இத்தனை நாள் ஆகியுமா? பரவால்ல, எங்க மாமாவை வரச் சொல்றேன். நல்ல முடி."
"வேண்டாம்மா. தம்பி தலையிலேயே எழுதுகிறேன்."
"அப்படின்னா ஜூலைக்குத்தான் அங்கிள்."

ஜூலையே இருக்கட்டும் என்றேன். ஞாயிறு போய்ப் பார்க்கவேண்டும், எவ்வளவு வளர்ந்திருக்கிறதென்று.