நீக்கப்பட்ட மூக்குக்கண்ணாடி

தம்பிக்கு,

மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும். இனியும் இருந்தால் செய்த தப்பைவிட மூடி மறைத்த தப்பு பெரிதாகிவிடும். நான் நலம். நீ நலமாக இல்லை என்று தெரியும், அதனால் ஒப்புக்குக்கூட விசாரிக்கவில்லை.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வேலை போனதற்கு உன் மனைவி காரணம் இல்லை. நான்தான் காரணம். நீ உடையும் பொருளும் வரைந்துகொடுக்கும் கணினி விளையாட்டைப் பற்றிய இணையத் தகவல் தளத்தில் 'பூதக்கண்ணாடி' என்ற பெயரில் எழுதும் ஆளை உன் அலுவலகம் தேடுவதாக உன் அக்கா சொன்னாள். அது நான்தான்.

நம்பமாட்டாய். 'பொம்மைக்குச் சட்டை தைக்கவா இவ்வளவு படிச்சே?' என்று உன்னை வழியனுப்பியவன் நான். அம்மா இறந்துபோனபோது நீ வரவில்லை. விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றாய். அதை நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் முழுசாக நம்பவில்லை. உன் எண்ணைப் போனிலிருந்து அழித்துவிட்டு, எனக்குத் தம்பி கிடையாது என்று நூலகத்தில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

அதற்கடுத்த மாதம், எங்கள் வாசிப்பறைக் கணினியில் ஒரு கல்லூரிப் பெண் விதியை மீறி விளையாடிக்கொண்டிருந்தாள். திட்டுவதற்காகப் போய் நின்றேன். திரையில் ஒருவன் கரும்பச்சைக் கோட்டு போட்டுக் குதித்துக்கொண்டிருந்தான். கோட்டின் மூன்றாவது பித்தான் மட்டும் பழுப்பு நிறம், வெள்ளை நூலில் தைத்தது. நம் அப்பாவின் கோட்டு. திட்ட வந்தது மறந்துபோய், 'இது என்ன விளையாட்டும்மா?' என்று கேட்டேன். அவள் பயந்துபோய் அணைத்துவிட்டாள்.

எனக்கு விளையாட வராது. முதல் பாலத்திலேயே விழுந்து சாவேன். ஆனால் பட்டியல் போட வரும். இருபத்தாறு வருடமாக நூலகத்தில் அதுதானே என் பிழைப்பு? பதவி உயர்வை எனக்குக் கொடுக்காமல், நான் வேலை கற்றுக்கொடுத்தவனுக்குக் கொடுத்தார்களே, அவர்களுக்குத் தேவைப்படாத ஒழுங்கை எல்லாம் அந்தத் தளத்தில் சேர்ந்து உன் தொப்பிகளுக்கும் அங்கிகளுக்கும் கொடுத்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை விளையாட்டைப் புதுப்பிக்கும் அப்டேட் வரும். பழைய கோப்புகளையும் புதியவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். சேர்க்கப்பட்டவை, மாற்றப்பட்டவை, நீக்கப்பட்டவை. ஒவ்வொரு பொருளுக்கும் எண், பெயர், நிறம், எந்த அப்டேட்டில் வந்தது, பிறகு என்ன மாறியது என்று எழுதுவேன். ஒரு செருப்பின் சாயம் கொஞ்சம் வெளுத்தால்கூட என் பட்டியலில் இருக்கும். ஒரு முறை ஆறு வாரம் உன் கை பட்ட பொருள் ஒன்றும் வரவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று அக்காவைச் சுற்றி வளைத்து விசாரித்தேன். மஞ்சள் காமாலை என்றாள்.

குடும்பமே அதில் இருந்தது. அம்மாவின் கைப்பிடி போன குடை வந்தது. அக்கா பள்ளிக்கூடத்தில் தொலைத்த தொப்பி வந்தது. நம் ஒற்றைக்கண் பூனைகூட முதுகுப்பையாக வந்துவிட்டது. நான் மட்டும் வரவில்லை. ஆறு வருடம் தேடினேன் தம்பி. பூனைக்குக் கிடைத்த இடம் நமக்குக் கிடைக்கவில்லையே என்று கறுவிக்கொண்டே தேடினேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. சேர்க்கப்பட்டவையில் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு ஒரு கோப்பு. விற்பனைக்கு வராத பொருள். திறந்தால் மூக்குக்கண்ணாடி. காதில் மாட்டும் இடது கம்பியில் சிவப்பு நூல். எட்டு வயதில் அதன்மேல் உட்கார்ந்து உடைத்துவிட்டு, நான் பார்ப்பதற்குள் அம்மாவின் தையல் டப்பாவில் நூல் எடுத்து நீயே முடிச்சுப் போட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி மேஜையில் வைத்தாயே, அதே கண்ணாடி. இரண்டு வருடம் அதைத்தான் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கேலி செய்தவனை அடித்தும் இருக்கிறேன்.

எங்கள் தளத்தில் ஒரு விதி உண்டு. வெளிவராத பொருளுக்கு எண்ணை மட்டும் குறிக்க வேண்டும். கோப்பில் இல்லாத ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது. அந்த விதியை எழுதியவன் நான். மீறியவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டவனும் நான். அன்றைக்கு நானே எழுதினேன்: 'மூக்குக்கண்ணாடி. இடது கம்பியில் சிவப்பு நூல், ஏழு முடிச்சு. ஒரு தம்பி தன் அண்ணனுக்காகப் போட்டது.' படத்தையும் சேர்த்து ஊருக்கே காட்டினேன். யாராவது பார்க்க வேண்டும் போல இருந்தது.

உன் படத்தில் தெரிவது மூன்று முடிச்சுதான். மற்ற நான்கும் காதுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. அது எனக்கு உறைக்கவில்லை. என் விரலுக்கு ஏழும் தெரியும், அதனால் ஏழு என்று எழுதினேன்.

அடுத்த அப்டேட்டில் அந்த எண் நீக்கப்பட்டவையில் இருந்தது. தேதி போட்டு 'நீக்கப்பட்டது' என்று நானே பதிந்தேன். பிறகு எப்போதாவது அந்தக் கண்ணாடியை வெளியிடுவார்கள் என்று நினைத்தேன். நான்கு நாள் கழித்து அக்கா போன் செய்தாள்.

'அண்ணா, அவன் வேலை போயிடுச்சு. ஏழு முடிச்சுன்னு அவன் குறிப்புல மட்டும்தான் இருந்துச்சாம். வெளியாளுக்கு எப்படித் தெரியும், நீதான் சொல்லியிருக்கேன்னு அனுப்பிட்டாங்க. இவன் வீட்டுல வந்து, உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன், யார்கிட்ட நீ உளறினேன்னு பொண்டாட்டியப் புடிச்சுக் கத்தியிருக்கான். அவ சத்தியம் பண்ணிப் பாத்தா, அழுது பாத்தா. கடைசில பெட்டியத் தூக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நீயாவது அவன்கிட்ட பேசேன்.'

'நான் எதற்கு?' என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி வந்தது. 'உங்க அண்ணனுக்குச் சிரிப்பே வராதா?' என்று உன் மனைவி கேட்டதாக, கல்யாணத்துக்கு முன்பு ஒரு நாள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அதற்காகத்தான் ஜுரம் என்று பொய் சொல்லி உன் கல்யாணத்துக்கு வராமல் இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பதினோரு வருடமாகத் தூக்கிச் சுமக்கிறேன். அவள் பெட்டியோடு தெருவில் போவதை நினைத்து, 'நன்றாக வேண்டும்' என்று சொல்லிக்கொண்டே ஒரு குவளைத் தண்ணீர் குடித்தேன். இப்படிப்பட்டவனைத்தான் அண்ணன் என்று படம் வரைந்திருக்கிறாய்.

போன வாரம் அக்கா மறுபடி பேசினாள். 'அந்தப் பூதக்கண்ணாடி நம்ம அண்ணனா இருக்குமோடா?' என்று விளையாட்டாக உன்னிடம் கேட்டாளாம். நீ சொன்னாயாம்: 'அண்ணனா? நான் என்ன வேலை பாக்கறேன்னே அவருக்குத் தெரியாதுக்கா. நான் செத்தாக்கூட யாருன்னு கேப்பார்.'

நீ செய்த எண்ணூற்றுப் பன்னிரண்டு பொருள்களின் எண்ணும் எனக்கு மனப்பாடம். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் மேலாளருக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். என் முழுப் பெயர், விலாசம், நூலக முத்திரை, தளத்தில் நான் எழுதியவற்றின் முதல் வரைவுகள், அந்தப் 'பூதக்கண்ணாடி' கணக்கை முடக்கியதற்கான அத்தாட்சி எல்லாம் வைத்து, இரண்டு இடத்தில் கையெழுத்தும் போட்டேன். அவர்கள் உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று தெரியவில்லை. கூப்பிடாவிட்டால் அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும்.

வேலை என்றைக்காவது கிடைத்துவிடும். நீ இன்றைக்கே அவளிடம் போ. போனில் பேசாதே, நேரில் போ. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல். அவளைப் பற்றி நான் எழுதியிருப்பதையும் மறைக்காதே. நம் வீட்டு ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது, எனக்கு ஐம்பத்தொரு வயதில் இப்போதுதான் எழுத்துக் கூட்டி வருகிறது. நீயாவது வாசலில் நின்று சத்தமாகக் கேட்டுவிடு. கதவைத் திறக்க நேரமானால் நில். திரும்பி வந்துவிடாதே. இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

'இப்படிக்கு' என்று எழுதிவிட்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். மேலாளருக்குப் போட்ட கையெழுத்து இங்கே ஒத்துவரவில்லை. அது ஒரு குற்றவாளியின் கையெழுத்து. 'உன் அண்ணன்' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் அதை நானாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் உரிமை எனக்கு இப்போது இல்லை. கொடுக்கிறாயா இல்லையா என்பது உன் இஷ்டம். அதனால் அந்தச் சொல்லையும் அடித்துவிட்டேன். கீழே ஒன்றும் எழுதாமல் இப்படியே தபாலில் போடப் போகிறேன்.