பெயரில்லாத பொத்தான்கள்

நிலா மறுபக்க வானொலி நிலையம்
பதிபவர்: கோமதி, ஒலி ஆய்வாளர்

மார்ச் 4, காலை 7.00

காற்று சரி. தண்ணீர் சரி. மின்கலங்கள் நிறைந்திருக்கின்றன. வெளியே பகல்.

இந்த நிலையத்தில் இருவர் இருக்கிறோம். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். வானொலித் தட்டுகளில் விழும் அலைகளை ஒலியாக மாற்றிக் கேட்பது என் வேலை. மீரான் அண்ணன் விமானி, பழுது பார்ப்பவரும் அவரே. மேலப்பாளையத்துக்காரர். பூமியின் இரைச்சல் எட்டாத இடம் என்பதால்தான் நிலவின் இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரோடு பேச வேண்டுமென்றால் தலைக்கு மேல் சுற்றும் துணைக்கோள் வழியாகத்தான்.

இன்றைய மென்பொருள் வேலை: 'பேச்சி' மைனஸ் குறியை விழுங்கிவிடுகிறது. பேச்சி என்பது திரையில் உள்ளதை எனக்குப் படித்துச் சொல்லும் நிரல். கட்டற்ற மென்பொருள், எங்களைப் போன்றவர்கள் கூடி எழுதி, கூடிப் பராமரிப்பது. போன நிலவிரவு முழுக்க, வெளியே நூறு டிகிரி குளிர் என்பதை அது நூறு டிகிரி வெயில் என்று வாசித்துக்கொண்டிருந்தது. திருத்தி அனுப்பினேன். தூத்துக்குடியிலிருந்து ரெஜினா பார்த்துவிட்டுப் பதில் போட்டாள். பேச்சிக்குள் எது சேரலாம், எது கூடாது என்று முடிவு செய்பவள் அவள். அவளுக்குப் பார்வையும் இல்லை, காதும் கேட்காது. பிரெய்ல் பலகையில் எழும் புள்ளிகளை விரலால் படிக்கிறாள்.

"தடவிப் பாத்துட்டேன். சரியா இருக்கு. சேத்தாச்சு. ஏளா, அங்க குளிருதா?"

மார்ச் 6, மதியம் 1.30

சூரியப் புயல். முன்னெச்சரிக்கை மிகத் தாமதமாக வந்தது. மீரான் அண்ணன் அப்போது தொலைவில் உள்ள வானொலித் தட்டு ஒன்றின் கீழே இருந்தார். ஓடி வர நெடுந்தூரம். உள்ளே வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. வெயில் கொஞ்சம் சாஸ்தி."

கதிர்வீச்சு அளவியைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னார். பயப்பட வேண்டாத எண்.

துணைக்கோள் பதில் தரவில்லை. பத்து முறை கூப்பிட்டாயிற்று. மண்ணுக்கடியில் உள்ள காப்பறைக்கு இறங்கிவிட்டோம்.

மார்ச் 6, மாலை

அவர் வாந்தி எடுக்கிறார். குளியலறைக்குப் போன நேரத்தில் அவருடைய அளவியைப் பேச்சியிடம் படிக்கச் சொன்னேன். அவர் சொன்ன எண் அல்ல அது. ஒரு மனிதர் தாங்கக்கூடிய எண்ணும் அல்ல.

திரும்பி வந்ததும் கேட்டேன். என் கையிலிருந்து அளவியை வாங்கிக்கொண்டார்.

"தெரிஞ்சி என்ன செய்யப் போற? அதான் சொல்லல."

மார்ச் 7, காலை

காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் மின்பலகை புயலில் எரிந்துவிட்டது. மாற்றுப் பலகையும் வேலை செய்யவில்லை. காற்று மெல்லக் கெட்டுவருகிறது. ஊரிலிருந்து மீட்புக்கலம் வந்து சேரும்வரை இங்கே இருக்க முடியாது. வெளியே நிற்கும் மீள்கலத்தில் ஏறிப் போக வேண்டும். ஆனால் புயல் தணியாமல் வெளியே கால் வைக்க முடியாது.

மீள்கலம் தானே பறக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர் ஒருவர் திரையில் உரிய பொத்தானை அமுக்க வேண்டும்.

அந்தத் திரை எனக்குக் கண்ணாடி மட்டுமே. அதன் பொத்தான்கள் எல்லாம் சிறு படங்கள். எந்தப் படத்துக்கும் எழுத்தில் பெயர் இல்லை. விரலை நகர்த்தினால் பேச்சி சொல்வது இதுதான்: பொத்தான். பொத்தான். பொத்தான்.

கலத்தின் திரை முகப்பும் கட்டற்ற மென்பொருள்தான். ரெஜினா அந்தக் குழுவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். நானும் எழுதினேன். "பார்வையற்றவர் விமானியாக வரப்போவதில்லை. நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்" என்று பதில் வந்தது. நாங்களே செய்துவிடுகிறோம் என்றோம். செய்திருப்போம். பெயர் வைப்பது பெரிய வேலை இல்லை. படத்தில் இருப்பது என்னவென்று சொல்லக் கண் உள்ள ஓர் ஆள் கூட உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆள்தான் கிடைக்கவில்லை.

மீரான் அண்ணன் பயிற்சிப் பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். கலத்தின் திரை அப்படியே அதில் தெரியும்.

"கோமதி, இங்கன வா. பக்கத்துல உக்காரு."

"படுங்கண்ணே. புயல் அடங்கட்டும், நீங்க ஓட்டுங்க."

"அடங்குறப்ப நான் ஓட்டுற நிலைமையில இருக்க மாட்டேன்ளா. நீதான் ஓட்டணும். எழுது."

மார்ச் 7, மதியம்

முதல் திரை முடிந்தது. அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்.

பொத்தானின் பெயரோடு நிறுத்திக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. "இது எரிபொருள் வால்வு. இடது. இத தொறந்துட்டுத்தான் வலது. மாத்திச் செஞ்சா கலம் கோவிச்சுக்கும்." கோவிச்சுக்கும் என்பதையும் எழுதவா என்று கேட்டேன். எழுது என்றார். எழுதினேன்.

ஒவ்வொரு பெயரையும் வைத்தபிறகு விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு முறை தொட்டால் பேச்சி பெயரைச் சொல்லும். இரு முறை தட்டினால்தான் பொத்தான் வேலை செய்யும். கண்ணாடிமேல் சொற்கள் முளைத்தன. கதவு. இருக்கைப் பட்டை. காற்று. இத்தனை நாள் இதே கலத்தில் சுமையாக ஏறி இறங்கியிருக்கிறேன். எது எங்கே இருக்கிறது என்று இன்றுதான் எனக்குத் தெரிகிறது.

"இவ்ளோதானா வேலை?" என்றார். "ஒரு மத்தியானம்கூட ஆவலியே."

"ஆமாண்ணே. இவ்ளோதான்."



மார்ச் 8

காய்ச்சல். வாயெல்லாம் புண். தண்ணீர் இறங்கவில்லை. என்னால் முடிந்தது நெற்றியில் ஈரத்துணி போடுவது. போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

விழிப்பு விட்டுவிட்டு வருகிறது. வரும்போதெல்லாம் பலகையைக் கேட்கிறார். பேச்சு தேய்ந்துவிட்டது. நான் தட்டி முடிப்பதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறார். ஆகவே முறையை மாற்றினேன். அவர் சொல்வதை அப்படியே ஒலியாகப் பதிந்து அந்தந்தப் பொத்தானில் ஒட்டிவிடுகிறேன். தொட்டால் பேச்சியின் குரலுக்குப் பதிலாக அவர் குரல் வரும்.

சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். "பாத்திரம் சத்தமே கேக்கலியே" என்றார்.

வீட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். அவர் மனைவி சுலைகா மைனிக்கு, பிள்ளைகளுக்கு.

"சொல்லுதேன். இந்தத் திரைய முடிச்சிட்டுச் சொல்லுதேன்."

மார்ச் 9, காலை

கடைசித் திரை, தரையிறங்குவது. கண் மங்குகிறது என்கிறார். பலகையை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்தேன்.  "ஆட்டாத" என்றார். ஒரு பொத்தானுக்கு நெடுநேரம் எடுத்தது. பிறகு இன்னொன்று. கடைசியாகக் குடை, அதாவது பாராசூட். அது தானே விரிய வேண்டியது. உயரம் அளக்கும் கருவியும் புயலில் போயிருந்தால் கையால்தான் விரிக்க வேண்டும்.

அதைச் சொல்லி முடித்தார். பலகையை இறக்கி வைத்தேன்.

"அண்ணே, இப்ப சொல்லுங்க. மைனிக்கு."

மூச்சு மட்டும் கேட்டது.

மார்ச் 9, மாலை

மீரான் அண்ணன் இறந்துவிட்டார்.

அவருடைய மார்க்கத்தில் இந்த நேரத்தில் என்ன ஓத வேண்டும் என்று எனக்குத் தெரியாது. முகத்தையும் கைகளையும் துடைத்தேன். அவர் பெயரைச் சொன்னேன். வேறு எதுவும் வரவில்லை.

மார்ச் 10, காலை

புயல் தணிந்தது. காற்று கனக்கிறது, தலை வலிக்கிறது. அவருக்கு விண்ணுடை மாட்டி மூடினேன். இங்கே எடை குறைவு என்பதால் தூக்க முடிந்தது. அவரை விட்டுவிட்டுப் போவதா என்று நான் யோசிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்துப் பட்டை போட்டேன். பயிற்சிப் பலகையில் வைத்த பெயர்களைக் கலத்தின் திரைக்கு ஏற்றினேன்.

முதல் திரை. பேச்சி படித்தது. இடது வால்வு. வலது வால்வு.

இரண்டாம் திரை. அங்கிருந்து அவர் குரல்.

"இஞ்சின். ரெண்டு தட்டு தட்டு... இரு, தண்ணி... ம். தட்டு."

தட்டினேன். கலம் எழும்பியது.

மார்ச் 11, காலை

நிலவின் மறைவைத் தாண்டியதுமே தரைநிலையம் கிடைத்தது. அப்போதிலிருந்து பாதி நேரம் பேச்சு, பாதி நேரம் அழுகை, இரு பக்கமும்.

உயரம் அளக்கும் கருவி செத்துவிட்டது என்று அவர்கள் உறுதி செய்தார்கள். குடையைக் கையால்தான் விரிக்க வேண்டும். இறங்கும்போது கலத்தைச் சுற்றி நெருப்பு எழும். அப்போது வானொலி இருக்காது. வேகம் குறைகையில் மார்பை அழுத்தும் பாரம் முழுதும் இறங்கிய பிறகே குடை. முந்தினால் குடை எரிந்துவிடும்.

பொத்தான்களின் பெயர்க்கோப்பை முதல் வேலையாக ரெஜினாவுக்கு அனுப்பினேன். நான் வந்து சேராவிட்டாலும் அது சேர வேண்டும். பதில் வந்தது.

"ஏளா கோமதி, உயிரோட இருக்கியே. போதும். கோப்பைப் பாத்தேன். முதல் திரை நல்லா இருக்கு. மத்ததெல்லாம் சத்தமா வச்சிருக்க. சத்தம் என் விரலுக்கு வராதே. எனக்கு வெறும் பொத்தான், பொத்தான்னுதான் வருது. அண்ணன் சொன்னத எழுத்தாவும் போடு. என்ன மாதிரி ஒருத்தி நாளைக்கு அந்த இருக்கையில உக்காருவால்லா."

அவள் சொல்வது சரி. எனக்குக் குரல் கேட்கிறது என்பதால் நானும் அவளை மறந்துபோனேன்.

ஒவ்வொன்றாகத் தொட்டு, கேட்டு, தட்டினேன். சில இடங்களில் சொல் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். இருமலை எழுதவில்லை. தண்ணீர் கேட்டதை எழுதவில்லை. மற்றதை அவர் சொன்னபடியே வைத்தேன். ஆக்கியோர் பெயர் கேட்ட இடத்தில் மீரான் என்று போட்டு, அதன் கீழே என் பெயரைப் போட்டேன்.

ரெஜினா: "இப்ப வருது. எல்லாம் வருது. முகப்புக் குழுவும் சேத்துக்கிட்டாங்க. ஒரு கேள்வி கேக்கல."

மார்ச் 12, காலை

தரைநிலையம் சுலைகா மைனியை இணைத்தது.

"கோமதி, மைனி பேசுதேன். அவுக... உங்கூடதான் இருக்காகளா?"

"பக்கத்துலதான் இருக்காக மைனி. கூட்டிட்டு வாரேன்."

அவர் அழுது முடிக்கக் காத்திருந்தேன்.

"கடைசியா என்ன சொன்னாக? எங்கள பத்தி ஏதும்..."

முந்தைய நாள் முழுக்க அவர் குரலைத்தான் கேட்டிருந்தேன். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று எனக்கு மனப்பாடம். அதில் மைனி இல்லை. பிள்ளைகள் இல்லை. எல்லாம் வால்வும் கதவும் இஞ்சினும்தான். பிள்ளைகளை நல்லாப் பாத்துக்கோன்னு சொன்னாக என்று நான் சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? வாய்வரை வந்தது.

"இல்ல மைனி. கேட்டேன். இந்தத் திரைய முடிச்சிட்டுச் சொல்லுதேன்னாக. முடிச்சாக. அதுக்கப்புறம் அவுகளால முடியல. கடைசியா எனக்குக் குடையப் பத்திச் சொன்னாக. 'அவசரப்பட்டு அமுக்கிராதம்மா'ன்னு. அதான் கடைசி."

 

"அத எனக்குப் போட்டுக் காட்டு" என்றார் மைனி.

வானொலியருகே பயிற்சிப் பலகையை வைத்து, குடைப் பொத்தானை ஒரு முறை தொட்டேன். அவர் குரல் சொன்னது. மைனி இன்னொரு தடவை என்றார். தொட்டேன். இன்னொரு தடவை. 

மார்ச் 13

மீள்கலத்திலிருந்து, நாங்கள் இருக்கும் இறங்கு பகுதி பிரிந்தது. இதைப் பேசிப் பதிகிறேன். தட்ட முடியாது, கை கலத்தின் திரைக்கு வேண்டும்.

கண்டெடுப்பவருக்கு: கோப்பு ரெஜினாவிடம் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் இருப்பவரை மேலப்பாளையத்தில் அவர் வீட்டாரிடம் சேர்க்கவும்.

அதே நாள்

வானொலி போய்விட்டது. வெளியே உறுமல். மார்பின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருக்கிறது. சூடு.

விரலைக் கண்ணாடியில் வைத்துவிட்டேன். அண்ணன் சொல்கிறார்: "அவசரப்பட்டு அமுக்கிராதம்மா."

பாரம் குறைகிறதா... இல்லை. கொஞ்சம். இன்னும் முழுதாக இறங்கவில்லை. உறுமல் அப்படியே இருக்கிறது.

தொடுகிறேன். சொல்கிறார்.

இன்னும் அமுக்கவில்லை.

இன்னும்